ஒரு நக்கு புளி

எங்கள் மகள் பிறந்து பதினோரு மாதம் வரை ஒருநாளும் பாலுக்கு அழுததில்லை. அழுததெல்லாம் பாலைக் கண்டுதான். பாட்டில் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஸ்பூன் உதட்டில் பட்டால் ஓங்கரிப்பாள். எங்கள் தெருவில் மற்றக் குழந்தைகள் மண்ணையும் சாக்பீஸையும் தின்றுவிட்டு அடி வாங்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் பிறவியிலேயே சரியாக வளரவில்லை. ரத்தத்திலிருந்து வெளியே போகவேண்டிய கழிவு உள்ளேயே தங்குவதால் எந்நேரமும் குமட்டும், பசி என்பதே தெரியாது என்று பெங்களூரு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். பத்து கிலோ வந்துவிட்டால் என்னுடையதோ என் மனைவியுடையதோ ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவளுக்கு வைக்கலாம். அதுவரை அவளை வளர்ப்பது எங்கள் பொறுப்பு. அப்போது அவள் ஐந்து கிலோ அறுநூறு. மூக்குக் குழாயில் போகும் பாலில் பாதி வாந்தியில் வெளியே வந்துகொண்டிருந்தது. "ஒரு வயசு முடியறதுக்குள்ள வாயால ஏதாவது முழுங்கப் பழகணும். அந்த வயசு தாண்டிட்டா அப்புறம் பழக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றும் சொல்லியிருந்தார். எனவே எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி இவள் எப்போது வாயைத் திறப்பாள் என்பதுதான்.

பென்னாகரத்தில் நான் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். மனைவி ஏரியூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மருத்துவக் காப்பீடு அவள் வேலையோடு வருவது. என் கடையை மூடினால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஆகவே வீட்டில் இருக்கப்போவது யார் என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. மெல்லிய ஒயரை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்துப் பழகிய கை என்னுடையது. மூக்கு நுனியிலிருந்து காது வரை, காதிலிருந்து மேல்வயிறு வரை குழாயை அளந்து, அடையாளம் வைத்து, மூக்கில் நுழைத்து, சிரிஞ்சால் இழுத்து இரைப்பை நீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டுவேன். அவள் அழுவாள். முதல் மாதம் நானும் அழுதேன். பிறகு அதற்கு நேரம் இல்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம், சொட்டுச் சொட்டாக. வேகமாக விட்டால் வாந்தி. மெதுவாக விட்டால் கை மரத்துப்போகும். விட்டு முடித்ததும் அரை மணி நேரம் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், தும்மினாலும் போச்சு. அதற்குப்பின் சிரிஞ்சு கழுவ, வெந்நீரில் போட, மருந்தாகக் கொடுக்கும் சோடா மாவு கலக்க, சொட்டுமருந்து அளக்க, வாந்தித் துணி அலச. நிமிர்ந்து பார்த்தால் அடுத்த பால் நேரம் வந்திருக்கும். நான் எப்போது சாப்பிட்டேன், எதைச் சாப்பிட்டேன் என்று யாராவது கேட்டால் விழிப்பேன். சாயங்காலம் மனைவி பஸ் இறங்கி வந்ததும் "எவ்ளோ நின்னுச்சு?" என்று கேட்பாள். "அம்பதுல முப்பது" என்பேன். அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியப் பேச்சு. அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும் நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன்.

தெருவில் தூக்கிக்கொண்டு போனால் கேள்விகள். "மூக்குல என்னங்க ஒயரு?" என்று ஒருவர் கேட்டார். "சார்ஜ் போட்ருக்கேன்" என்றேன். என் கடைக்கு வந்து போகிறவர்தான், சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டு ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொடுத்தார். வாழைப்பழம் அவளுக்கு ஆகாது என்று அவரிடம் சொல்லத் தெம்பு இல்லாமல் வாங்கிக்கொண்டேன். என் பெரியம்மா ஒருத்தி இண்டூரிலிருந்து வந்து, "இது தொக்கம்தான், தொண்டையில ஏதோ நிக்குது, எடுத்துட்டா சரியாப் பூடும்" என்று ஒரே பிடியாக நின்றாள். தொண்டையில் நிற்பது நான் விட்ட குழாய்தான் என்று கத்திவிட்டேன். அவள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். எனக்குக் கோபம் முன்பு இவ்வளவு வராது. தூக்கம் குறையக் குறைய அது வளர்ந்தது.

சமையலறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சொல்லச் சொல்ல நானே எழுதியது. பொட்டாசியம் கூடினால் இவளுடைய சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும், நின்றுபோகவும் கூடும். ஆகையால் இளநீர் கூடாது, வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு கூடாது. எங்கள் பக்கம் ஆறு மாதக் குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற ராகிப்பால்கூடக் கூடாது. பட்டியலைப் பார்த்து மனைவி சொன்னாள்: "ஒண்ணுமே சாப்புடாதவளுக்கு எவ்ளோ பெரிய லிஸ்ட்டு பாருங்க."

மாசி மாதம் பிறந்ததும் எங்கள் தெருவில் புளி வந்து இறங்கியது. வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் புளியங்காயை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெண்கள் ஓடு நீக்கி, நார் உரித்து, கல்லின் மேல் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டையை எடுத்துத் தருவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருஷா வருஷம் அந்த வேலை உண்டு. காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலில் கோணியை விரித்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தம் என் மண்டைக்குள் இறங்கியது. போய்ச் சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் குழந்தை அந்தச் சத்தத்துக்கு அமைதியாக இருந்தாள். அதனால் பால் கொடுத்து முடித்ததும் அவளைக் கொண்டுபோய் அக்கா பக்கத்தில் ஒரு பாயில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, நான் வீட்டுக்குள் பாத்திரம் கழுவப் போவேன்.

ஒருநாள் திரும்பி வந்தபோது அக்கா கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க பாருங்க. பாப்பா என் வெரல நக்குது."

புளி ஒட்டிய விரல். என் மகள் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நக்கினாள், முகத்தைக் கோணினாள், உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. ஓங்கரிப்பாள் என்று நான் துணியை எடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை, யாரும் அழுத்தாமல், கெஞ்சாமல், அவளாகத் திறந்தாள். அக்கா மறுபடி விரலைக் கொடுத்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். நான் அந்தப் புளி ஓட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே நான் செய்திருக்க வேண்டியது ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். எண் என்னிடம் இருந்தது. எதற்கும் தயங்காமல் கூப்பிடுங்கள் என்று சொல்லியும் இருந்தார்கள். நான் வீட்டுக்குள் போய்ப் பட்டியலைப் படித்தேன். புளி அதில் இல்லை. கைக்குழந்தைக்கு யாராவது புளி கொடுப்பார்கள் என்று எந்த உணவு ஆலோசகருக்குத் தோன்றும்? எழுதவில்லை என்றால் பரவாயில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது கை கூசுகிறது.

மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் என்னைவிட விதிகளைப் பார்க்கிறவள், மருந்து ஒரு சொட்டுக் கூடினால் கொட்டிவிட்டு மறுபடி அளப்பவள். தடுத்துவிடுவாள் என்று பயம். நன்றாகப் பழகியபின் ஒருநாள் அவள் முன்னால் வாயைத் திறக்கவைத்துக் காட்டலாம் என்றும் ஒரு ஆசை. தினமும் பதினொரு மணிப் பால் முடிந்ததும் ரசத்துக்கு என்று சொல்லி அக்காவிடம் கொட்டை எடுத்த புளியில் ஒரு சுளை வாங்கிவந்து, சமையலறையில் என் மடியில் வைத்து நக்கக் கொடுப்பேன். ஒரு நக்கு, இரண்டு நக்கு. சில நாள் சுளை முழுவதும் கரைந்துவிடும். வாசலில் புளி தட்டுகிற சத்தம் கேட்டாலே வாயைத் திறக்கத் தொடங்கினாள். பத்து நாள் நான் மனிதனாக இருந்தேன். கடைக்காரர்களிடம் சிரித்துப் பேசினேன். பெரியம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

அந்தப் பத்து நாளும் மனைவியும் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். சாயங்காலம் வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். "நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். நான் காரணம் யோசிக்கவில்லை. படுக்கச் சொன்னால் படுக்கிற நிலையில் இருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை உண்டு. பதினோராம் நாள் அந்த முறை வந்தது, காலையில் ஊரிலேயே குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தேன். மதியம் பெங்களூரிலிருந்து டாக்டரம்மாவே கூப்பிட்டார். குரலில் அவசரம் தெரிந்தது. பொட்டாசியம் மிகவும் ஏறியிருக்கிறது, உடனே தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் அங்கே பேசிவிட்டேன் என்றார். அப்போது குழந்தை என் தோளில் இருந்தாள். வழக்கத்தைவிடத் துவண்டு இருந்ததை நான் தூக்கம் என்று நினைத்திருந்தேன். அக்கா ஓடிப்போய்க் காரைப் பிடித்துவந்தாள். போகும்வழி முழுக்கக் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடி துடிப்பை எண்ணிக்கொண்டே போனேன். இண்டூரில் ஆடுகள் சாலையைக் கடந்தன. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

தர்மபுரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஊசி போட்டார்கள், முகத்தில் மருந்துப் புகை வைத்தார்கள். துடிப்பு கொஞ்சம் நேரானதும் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். மனைவி பள்ளியிலிருந்து இன்னொரு டீச்சரின் வண்டியில் வந்து தர்மபுரியிலேயே சேர்ந்துகொண்டாள். அவள் விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது.

பெங்களூரில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "புதுசா என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலைங்க" என்றேன்.

மனைவியும் இல்லை என்று தலையாட்டினாள். எனக்காகப் பொய் சொல்வதுபோல எனக்குத் தோன்றியது. அப்படியானால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற அளவுக்கு மூளை வேலை செய்யவில்லை. டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். ஊர் போனையெல்லாம் சரிசெய்த என் போனில் காதில் வைத்துக் கேட்கிற ஸ்பீக்கர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேச முடியும்.

"தம்பி, பாப்பா எப்பிடி இருக்குது? எனக்குச் சோறே எறங்கல. நீங்க பாத்திரம் கழுவப் போறப்ப நானு தெனமும் ஒரு சொளை புளி குடுத்தேங்க. கொட்டையோட வாயில வெச்சிரும்னு பயந்து நல்லா எடுத்துட்டுத்தான் குடுத்தேன். ஆசையா வாயத் தொறக்குதேன்னு. அதனாலயா தம்பி? சொல்லுங்க தம்பி."

நான் போனை வைத்துவிட்டேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் குடுத்தேன்" என்றேன். "தெனமும். பதினோரு மணிக்கு."

கத்துவாள், அடிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். மூன்றுமே எனக்குச் சரிதான். அவள் விரலிலிருந்த சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பானகம் குடுத்தேங்க" என்றாள். "புளியும் வெல்லமும் கரைச்சு. ஒரு நா நான் வந்தப்ப அக்கா தட்டிக்கிட்டிருந்தாங்க, இவ வாயத் தொறந்தா. வெல்லம் போட்டா கொஞ்சம் எடை ஏறுமேன்னு தெனமும் அஞ்சாறு ஸ்பூன். உங்ககிட்ட சொன்னா நீங்க திட்டுவீங்க, லிஸ்ட்டக் காட்டுவீங்க." பிறகு, "முழுங்குனாளேங்க. என்ன பண்ணச் சொல்றீங்க" என்றாள்.

வெல்லத்திலும் பொட்டாசியம் நிறைய உண்டென்று பிறகு தெரிந்துகொண்டோம். ஒவ்வொருவரும் கொஞ்சம்தானே என்று கொடுத்தோம். மூன்று கொஞ்சமும் போய்ச் சேர்ந்த வயிறு ஒன்றுதான். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சமையலறையில், ஒரே பட்டியலுக்கு அடியில், ஒருவருக்கொருவர் தெரியாமல் குழந்தையைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறோம் என்பதுதான் மனதில் ஓடியது. சந்தோஷத்தில் செய்தோம் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

இருவரும் எழுந்து உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் வையவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். "இனிமே ஒருத்தர் குடுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும்" என்றார். பேனாவை மூடப்போனவர் நிறுத்தி, "நிஜமாவே அவளா வாயத் திறந்தாளா? முழுங்கினாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அதையும் எழுதிக்கொண்டார். இந்தக் குழந்தைகளுக்குப் புளிப்பு பிடிப்பது உண்டாம். வடித்த சோற்றைக் குழைத்து, எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். புளி மூட்டை எதுவும் கண்ணில் படவில்லை. அக்கா வேலையை வீட்டுக்குப் பின்புறம் மாற்றியிருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நாங்களும் பேசவில்லை, பேசினால் யார் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லை. நான் சோறு வடித்தேன், குழைத்தேன், எலுமிச்சை பிழிந்தேன். ஸ்பூனைக் கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மனைவி விரலால் ஊட்டிப் பார்த்தாள், குழந்தை ஓங்கரித்தாள். பழையபடி குழாய், பழையபடி வாந்தித் துணி. வந்த வழியே போய்விட்டது என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை, தூங்க மட்டும்தான் வேண்டியிருந்தது.

நான்காம் நாள் முற்பகல் அவள் என் மடியில் இருந்தாள். பின்பக்கத்திலிருந்து லேசாக டொக், டொக் என்று கேட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

நான் பக்கத்திலிருந்த கிண்ணத்திலிருந்து சோற்றை விரல் நுனியில் எடுத்து அவள் நாக்கில் வைத்தேன். திகைத்தாள். என்னைப் பார்த்தாள். சத்தம் தொடர்ந்து கேட்டது. விழுங்கினாள். மறுபடி திறந்தாள். ஆறு விரல் போயிற்று. பிறகு சத்தம் நின்றது, அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றே கல்லையும் கட்டையையும் எடுத்துவந்து எங்கள் வாசலில் போட்டாள், புளியைத் தன் வீட்டிலேயே விட்டுவிட்டு.

பங்குனி முடிந்தது, சித்திரையும் போயிற்று. வியாபாரி கடைசி மூட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவில் வேறெங்கும் அந்தச் சத்தம் கிடையாது. குழாய் இன்னும் மூக்கில் இருக்கிறது, எடை ஆறு கிலோ நூறு, பத்துக்கு இன்னும் வெகுதூரம். நான் இன்னும் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறேன். ஆனால் தினமும் பதினொரு மணிக்கும், மனைவி வந்தபின் ஐந்தரைக்கும் அக்கா தன் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்து வெறும் கல்லைத் தட்டுகிறாள். உள்ளே எங்களில் ஒருவர் கிண்ணத்தோடு இருக்கிறோம்.

"போதுமா தம்பி?" என்று கேட்பாள்.

"இன்னும் ரெண்டு தட்டுங்கக்கா" என்பேன்.